என் முன்னிலையில் வெட்டப்பட்டது

மார்ச் 4, செவ்வாய்

தம்பி வேலை முடிந்து வந்ததும் வராததுமாக ஒரு தாளை மேஜையில் விரித்தான். காருக்கு வாங்கப்போகும் சாமான்களின் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு விலை.

"ஒண்ணு பேர் உள்ள கம்பெனி, இன்னொண்ணு பேரில்லாதது. எதுல மிச்சம் பிடிக்கலாம், எதுல கூடாதுன்னு நீ சொல்லுக்கா. பதினொரு வருஷமா வீலுக்கு எக்ஸ்ரே எடுக்கிற ஆளு நீதானே."

பென்சிலோடு உட்கார்ந்தேன். சீட் உறை, விளக்கு, கியர் பிடி எல்லாம் மலிவிலேயே வாங்கு. ஏர் ஃபில்டர் நடுத்தரம் போதும். பிரேக் பேட், ஸ்பிரிங், வீல் இந்த மூன்றிலும் விலையைப் பார்க்காதே என்று வட்டம் போட்டுக் கொடுத்தேன்.

"உங்க ஃபேக்டரி வீல் நாலு வாங்குற காசுக்கு என் வண்டியையே இன்னொரு தடவை வாங்கலாம்க்கா."

பதினாறு வருடப் பழைய வண்டி. அதற்கு எடை குறைந்த அலாய் வீல் போட்டால் சிட்டாய்ப் பறக்குமாம். "பறக்க வேண்டாம், தரையிலேயே போ" என்றேன். சிரித்தோம்.

மார்ச் 6, வியாழன்

முழங்கால் வலி. இன்று 212 வீல் பார்த்தேன். கழித்தது ஏழு.

மார்ச் 9, ஞாயிறு

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

தம்பி காலையில் நாலு வீல் வாங்கிக்கொண்டு வந்தான். மினுமினுக்கும் கறுப்பு. நான் சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. "ஃபேக்டரி செகண்ட்ஸ்க்கா. பெயிண்ட்ல மட்டும் குறையாம். உலோகம் அதேதானாம்."

பார்த்ததுமே தெரிந்துவிட்டது, எங்கள் தொழிற்சாலை அச்சில் வார்த்தது. அந்த ஆரக்கால் வளைவு எனக்குக் கனவில்கூட வரும். சரி, பெயிண்ட் குறைதானே என்று ஒன்றைத் திருப்பிப் பின்பக்கம் விரலை ஓட்டினேன். மூன்றாவது ஆரக்காலில் விரல் நின்றது. பெயிண்டுக்கு அடியில் லேசான பள்ளம். வீட்டுச் சாவியால் சுரண்டினேன். பள்ளத்தை அடைத்திருந்த பட்டி உதிர்ந்தது. உள்ளே ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் 9.

ஒன்பது நான்தான்.

எக்ஸ்ரே திரையில் உலோகத்துக்குள் காற்றுக் குமிழி தெரிந்தால் அந்த வீலைக் கழிக்க வேண்டும். கழித்ததற்கு அடையாளமாகப் பெருக்கல் குறியும் ஆய்வாளர் எண்ணும் கொத்துவோம். பிறகு அதை இரண்டாக வெட்டி உலையில் போட வேண்டும். வெட்டியதற்கு ஒரு படிவம். சனிக்கிழமை மேஜைக்கு வரும். "மேற்கண்ட வீல்கள் என் முன்னிலையில் வெட்டப்பட்டன." அதன் கீழே என் கையெழுத்து.

மூன்று வருடமாகப் போடுகிறேன். ஒரு சனிக்கிழமைகூட வெட்டுமிடத்துக்குப் போய்ப் பார்த்ததில்லை. அது வளாகத்தின் கடைசியில் இருக்கிறது. கால் வலி. அரை நாள் வேலை. யாருமே போவதில்லை. எல்லோரும் மேஜையிலேயே போடுவோம்.

நாலையும் சுரண்டினேன். நாலிலும் 9.

"மாட்டாதடா."

"ஏன்?"

"இது நான் கழிச்சது."

முதலில் சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான்.

மார்ச் 10, திங்கள்

யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. 190 பார்த்தேன். ஐந்து கழித்தேன். அந்த ஐந்து எங்கே போகும்?

மார்ச் 11, செவ்வாய்

அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தம்பி வாங்கிய கடைக்குப் போனேன். கயவனாக இருப்பான் என்று எண்ணிக்கொண்டு போனால், கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கோத்துப் போட்டிருக்கும் சாதாரண மனிதர். வீலையும் என் அடையாள அட்டையையும் அவர் முன்னால் வைத்தேன். மாறி மாறிப் பார்த்தார்.

"வேன்ல கொண்டாந்து போடுவாங்கம்மா. செகண்ட்ஸ்னு சொன்னாங்க. உள்ள என்ன இருக்குன்னு நான் எப்படிம்மா பாக்குறது?"

"மூணுல ஒரு பங்கு விலைக்கு ஏன் குடுக்கிறாங்கன்னு கேக்கலையா?"

"வாங்குறவங்க யாரும் என்னைக் கேக்கலையே. நானும் கேக்கல."

போன வருடத்திலிருந்து ஆறு செட் வந்ததாம். இரண்டு செட் இன்னும் கடையில் இருக்கிறது. ஒன்று தம்பியுடையது. மூன்று விற்றுவிட்டது. ரசீதுக் கட்டைப் புரட்டி மூன்று தொலைபேசி எண்களை எழுதிக் கொடுத்தார். கடையில் மீந்த எட்டு வீலையும் என் கண் எதிரிலேயே இரும்புக் கதவுக்குப் பின்னால் போட்டுப் பூட்டினார். மனிதர் பயந்துவிட்டார்.

இது ஒரு கடை. வேன் இந்த ஒரு கடைக்குத்தான் போகிறதா?

மார்ச் 13, வியாழன்

மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டேன். எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்பதால் நாங்கள் அவரை ஆகட்டும் என்றுதான் சொல்வோம். இன்று ஆகட்டும் சொல்லவில்லை. எழுந்து கதவைச் சாத்தினார். அலமாரியிலிருந்து கோப்பை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

"பேப்பர்ல எல்லாமே வெட்டியாச்சும்மா. யார் கையெழுத்து இது?"

"என்னுதுதான் சார்."

"அப்ப வெளிய பேசினா முதல்ல போறது யாரு?"

அவர் குரலை இறக்கினார். அக்கறையாகக்கூட இருந்தது. "தம்பி ஆசைப்பட்டு வாங்கினான்னு சொன்னீங்களே. நல்லதா ஒரு செட், மேல்தரம், வீட்டுக்கு அனுப்பச் சொல்றேன். மத்ததை நான் உள்ளுக்குள்ள விசாரிச்சுக்கிறேன். நீங்க மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க."

வேண்டாம் என்று சொல்ல வேண்டியதுதானே? சொல்லவில்லை.

மார்ச் 15, சனி

படிவம் வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

அட்டைப் பெட்டியில் நாலு வீல் வந்து இறங்கியது. எங்கள் தொழிற்சாலையின் மிக உயர்ந்த ரகம். தம்பி ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "காகிதம் மாதிரி இருக்குக்கா" என்று குழந்தை போலச் சொன்னான். எங்கிருந்து, எதற்காக வந்தது என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும், "எப்படியும் வந்தாச்சு, மாட்டிக்கலாமேக்கா" என்றான்.

மாட்டவும் சொல்லவில்லை, திருப்பி அனுப்பவும் சொல்லவில்லை. பெட்டிகள் கூடத்தில் இருக்கின்றன. சுற்றிக்கொண்டு நடக்கிறோம்.

மார்ச் 20, வியாழன்

மதிய இடைவேளையில் மூன்று எண்களுக்கும் பேசினேன்.

முதலாமவர் ஒரு பல் டாக்டர். கடையிலிருந்து பேசுவதாகச் சொன்னேன். நாளைக்கே கழற்றிக் கொண்டுவருகிறேன், பணம் திரும்ப வருமா என்றார். வரும் என்றேன். இரண்டாவது ஒரு கல்லூரிப் பெண். "அப்பாவுக்குத் தெரியாம போட்டேன் ஆன்ட்டி, அவருக்கு மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள். அவளும் தருவாள்.

மூன்றாவதை எடுத்தது ஒரு வயதான அம்மா.

"உங்க வீட்டுக் காருக்கு வீல் வாங்கினீங்களேம்மா, அது விஷயமா..."

"அந்தக் காரு இல்லம்மா."

"வித்துட்டீங்களா?"

"காரும் இல்ல. என் பெரிய மகனும் இல்ல."

போனை வைத்துவிட்டார். பிறகு நான் திரையின் முன்னால் போய் உட்கார்ந்தேன். எத்தனை பார்த்தேன் என்று தெரியவில்லை.

மார்ச் 21, வெள்ளி

காலையில் ரொட்டித் துண்டில் வெண்ணெய் தடவினேன். அதில் இருந்த ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாப்பிட முடியவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

அந்த வீட்டுக்குப் போனேன். முகவரியைக் கடைக்காரர்தான் கொடுத்தார். என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியாமலேயே போனேன்.

இரண்டாம் மாடி. கதவைத் திறந்தது இளைய மகன். லிஃப்ட் பழுது பார்க்கிற மெக்கானிக். முப்பத்திரண்டு வயது இருக்கும். இடது கையை முழுதாக நீட்ட முடியவில்லை. கடையிலிருந்து வருவதாகவே சொன்னேன். பொய்தான். நாற்காலி போட்டு உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அவருடைய அம்மா உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மாளுக்கு ஏதோ பாத்திரம் வேண்டியிருந்தது. மகன் பக்கத்திலேயே நிற்கிறார். அவரைக் கேட்காமல், முக்காலி போட்டு ஏறித் தானே எடுத்தார்.

அக்டோபர் கடைசியில் நடந்திருக்கிறது. பட்டப்பகல். நேர்ச்சாலை. இவர் ஓட்டினார், அண்ணன் பக்கத்தில். வண்டி சட்டென்று ஒரு பக்கம் சாய்ந்து மரத்தில் மோதியது. அண்ணன் அங்கேயே போய்விட்டார். போலீஸ் அறிக்கையில் அதிவேகம் என்று எழுதிவிட்டார்கள்.

"அறுபதுலதான் போனேன் மேடம். எனக்கு அப்படித்தான் ஞாபகம். ஆனா எல்லாரும் நூறுல போயிருப்பேன்னு சொல்லச் சொல்ல, போயிருப்பேனோன்னு எனக்கே இப்ப தோணுது." உள்ளே கண்ணைக் காட்டினார். "அம்மா எங்கிட்ட பேசி அஞ்சு மாசம் ஆச்சு."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தண்ணீரைக் குடித்துவிட்டு, "நான் அப்புறம் வர்றேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். படியிறங்கும்போது பார்த்தேன், அவருடைய செருப்பை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். திரும்ப ஏறிப் போய் வைத்துவிட்டு என்னுடையதைப் போட்டுக்கொண்டு வந்தேன். யாரும் பார்க்கவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை. கண் சக்கரத்துக்கே போகிறது. கறுப்பு வீல் எதைப் பார்த்தாலும் பின்னாலேயே நாலடி ஓடுகிறேன். இன்று சிக்னலில் நின்ற ஒரு காரின் முன்னால் குனிந்துவிட்டேன். ஓட்டி வந்தவர், "என்னம்மா, ஏதாவது விழுந்துடுச்சா?" என்றார். "ஆமா" என்றேன்.

மூன்று வருடம். சுமார் நூற்றைம்பது சனிக்கிழமை. என் ஒருத்தி கையெழுத்து மட்டும்.

மார்ச் 26, புதன்

மெக்கானிக்கின் அண்ணனுக்கு என்ன வயது? கேட்கவே இல்லையே நான்.

மார்ச் 30, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மெக்கானிக்கிடம் அவர் வீட்டில் வைத்துச் சொல்ல முடியவில்லை. விபத்து வண்டிகளைப் போட்டுவைக்கும் மைதானத்துக்கு அவரையே வழி காட்டச் சொல்லிப் போனோம். துருப்பிடித்த கூடுகளுக்கு நடுவில் அவருடைய வண்டி. அவர் பத்தடி தள்ளியே நின்றுவிட்டார். நான் மட்டும் போனேன். முன் இடது வீலில் ஒரு பக்கம் இல்லை. உடைந்த இடத்தைத் துணியால் துடைத்தேன்.

உடைந்த உலோகம் பொய் சொல்லாது. முக்கால் பங்கு கறுத்திருந்தது. மீதி மட்டும் பளபளப்பு. கறுத்தது பழைய விரிசல். பளபளப்புத்தான் அன்றைக்கு விட்டது. அந்த வீல் மரத்தில் மோதி உடையவில்லை. பல வாரமாக உள்ளுக்குள்ளேயே விட்டுக்கொண்டு வந்து, கடைசியில் உடைந்ததால்தான் வண்டி மரத்துக்குப் போனது. இதற்கு நூறு வேண்டாம். அறுபதும் வேண்டாம்.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பின்பக்கம் பட்டி உதிர்ந்து குறி தெளிவாகவே தெரிந்தது. அட்டையையும் காட்டினேன். யார் நான், எதில் கையெழுத்துப் போட்டேன், எதைப் போய்ப் பார்க்கவில்லை, எல்லாம் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

குனிந்து அந்த 9ஐக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"கடையில ரெண்டு செட் காட்டினாங்க. ஒண்ணு விலை ஜாஸ்தி. சான்றிதழோட இருந்துச்சு. அண்ணன் அதைத்தான் எடுக்கச் சொன்னான். நான்தான், பாக்க ரெண்டும் ஒண்ணுதானேன்னு சொன்னேன்."

அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"லிஃப்டுக்கு ஒரு நாளும் மலிவுக் கயிறு போட்டதில்ல மேடம் நான். எத்தனை ஓனர் கெஞ்சியிருக்காங்க, சண்டை போட்டிருக்காங்க. போட்டதில்ல. என் வண்டிக்கு, எங்க அண்ணன் உக்கார்ற வண்டிக்கு..."

வேகத்தின் பழியை அவரிடமிருந்து எடுத்து விலையின் பழியைக் கொடுத்துவிட்டேன். இதற்காகவா போனேன்?

மலிவாக வாங்குவது குற்றமில்லை, கழித்ததை நல்லது என்று விற்றதுதான் குற்றம், அதற்கு வழி விட்டது நான் என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. அங்கே தோன்றவில்லை. அங்கே அவருக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். அவ்வளவுதான்.

கிளம்பும்போது ஒன்று கேட்டார். "எந்த சனிக்கிழமைன்னு தெரியுமா உங்களுக்கு?"

மார்ச் 31, திங்கள்

தெரியும். வார்த்த தேதி வீலிலேயே இருக்கிறது. அந்த வாரத்துச் சனி, போன வருடம் ஜூன் 15. பழைய நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். அன்று எழுதியிருப்பது முழுவதும் இதுதான்:

"அரை நாள். சீக்கிரம் வந்துவிட்டேன். ஜன்னல் திரைகளைத் துவைத்தேன். நல்ல வெயில், மூன்று மணிக்கெல்லாம் காய்ந்துவிட்டது."

ஏப்ரல் 1, செவ்வாய்

தம்பியிடம் பெட்டிகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். வாகனப் பாதுகாப்பு அலுவலகத்தில் வாக்குமூலம் கொடுக்கப்போகிறேன் என்றும் சொன்னேன்.

"வேலை போனா வாடகை யார் குடுப்பா? நான் ஒருத்தன் சம்பளத்துல ஓடுமா? நீ மட்டுமா கையெழுத்துப் போட்டே, எல்லாருந்தானே போட்டாங்க!"

"எல்லாரும் போட்டாங்கடா. ஆனா 9 நான்தானே."

"பேசாம இருந்தா யாருக்குக்கா தெரியப்போவுது?"

எனக்குத் தெரியுமேடா. எனக்குத் தெரியுமே. கத்திவிட்டேன். அடுத்த வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

ஏப்ரல் 2, புதன்

எழுந்து வந்து பார்த்தால் கூடத்தில் பெட்டிகள் இல்லை. தம்பி எட்டு மணிக்கு வந்தான். "ஃபேக்டரி கேட்டுல காவலாளி வாங்கமாட்டேன்னுட்டார். அவர் நாற்காலிக்குப் பக்கத்துலயே அடுக்கி வச்சுட்டு வந்துட்டேன். எழுந்திரிக்கணும்னா அவர் பெட்டி மேல ஏறித்தான் குதிக்கணும்."

மூன்று வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தேன். சிரிப்பு அழுகையில் போய் முடிந்தது. அவன் வண்டியில் பழைய இரும்பு வீலே கிடக்கிறது.

ஏப்ரல் 3, வியாழன்

வாக்குமூலம் கொடுத்தேன். நாலு மணி நேரம். எழுதிக்கொண்ட பெண் அதிகாரி, "முன்னிலையில்னா நேர்லன்னுதானே அர்த்தம்? நீங்க எங்க இருந்தீங்க?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் "மேஜைலதான்" என்றேன்.

தம்பியின் நாலு வீலையும் கடையில் பூட்டியிருந்தவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். பல் டாக்டரும் அந்தக் கல்லூரிப் பெண்ணும் கழற்றிக் கொடுத்ததும் அதோடு சேர்ந்துவிட்டது.

ஏப்ரல் 7, திங்கள்

கேட்டில் அட்டையை வாங்கிக்கொண்டார்கள். ஆகட்டும் என்னைப் பார்க்காமலே கடந்து போனார். அவர் போட்டிருந்த சட்டை, போன வருடம் நாங்கள் எல்லோரும் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது.

மே 12, திங்கள்

சோப்புக் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. சம்பளம் பாதிக்குக் கொஞ்சம் மேல். கால் தாங்குகிறது.

வேன்காரனைப் பிடித்துவிட்டார்களாம். மூன்று ஊர்களில் பதினான்கு கடை. அதிகாரி சொன்னார். பத்திரிகையில் அறிவிப்பு வந்திருக்கிறது, எங்கள் வீலின் படத்தோடு. எத்தனை பேர் பார்ப்பார்கள்? அதில் மீன் மடிப்பார்கள், அலமாரியில் விரிப்பார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

லிஃப்ட் மெக்கானிக் பேசினார். வேலைக்குத் திரும்பப் போகிறாராம். கையை மேலே தூக்க முடியாததால் கீழ் அறை வேலை மட்டும். அம்மாவிடம் அந்த வீலைப் பற்றிச் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"சொன்னேன். கேட்டுக்கிட்டாங்க. பதில் சொல்லல."

அண்ணனின் வயதைக் கேட்டேன். முப்பத்தாறு. திருமணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

ஜூலை 17, வியாழன்

விசாரணை. மேல் மாடியில் மின்விசிறி சரியாக ஓடாத ஒரு கூடம். ஆகட்டும் தனக்கு எதுவும் தெரியாது என்றார். வெட்டுமிடத்து ஆள், மேலே சொன்னதைத்தான் செய்தேன் என்றான். நிபுணர் தன் அறிக்கையைப் படித்தார். விரிசல் பழையது, வேகம் ஐம்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் இடையில். "ஓட்டுநரின் தவறு எதுவும் காணப்படவில்லை." அதைப் படித்தபோது நான் மெக்கானிக்கைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை.

பிறகு விசாரணைக் குழுத் தலைவர், "ஒன்பதாம் எண் ஆய்வாளர் யார்?" என்றார்.

எழுந்து நின்றேன். கையெழுத்து என்னுடையது என்றேன். போய்ப் பார்க்கவில்லை என்றேன். பின் வரிசையில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். நான் பேசி முடிக்கும் வரை என் முதுகு சுட்டது. இனி எந்தத் தொழிற்சாலையிலும் நான் ஆய்வு வேலை செய்யக் கூடாது என்று உத்தரவு. ஆகட்டும் பேரில் தனி வழக்கு. என் பேரும் அதில் இருக்கும் என்றார்கள்.

ஒரு மணிக்கு வெளியே விட்டார்கள். உச்சி வெயில். மெக்கானிக் படியை விட்டிறங்கி, வாகனங்கள் நிற்கும் இடத்தில் தனியாக நின்றார். வரும்போது அம்மாவும் மகனும் தனித்தனியாகத்தான் வந்திருந்தார்கள். அந்த அம்மா வாசலுக்கு வந்தார். நான் விலகி வழி விட்டேன். என்னைப் பார்த்தார். எதையும் எதிர்பார்த்து நான் நிற்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். கடைசிப் படியில் சுவரின் நிழல் விழுந்திருந்தது. அங்கே நின்று, மகன் நிற்கும் பக்கம் திரும்பினார்.

"ஏன்டா வெயில்ல நிக்கிற? இந்தப் பக்கம் வா."

அவர் காதில் விழவில்லை என்று நினைத்தேன். விழுந்திருக்கிறது. நகரத்தான் முடியவில்லை. அந்த அம்மாவே வெயிலில் இறங்கி நடந்து போனார்.

நான் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறினேன். கிடங்கில் அரை நாள்தான் அனுமதி வாங்கியிருந்தேன். இரண்டு மணிக்குள் போய்விட்டேன்.